பிரஷர் மாத்திரையும் மனசுக்கான மாத்திரையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் கருப்பாக மூளையின் நீரறைகள். அவற்றின் ஓரமெல்லாம் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெண்புள்ளிகள். "வயசானா வர்றதுதான்னு சொல்லிட்டாங்க" என்றார். பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். டீக்கடைப் பக்கமே போவதில்லை. பிரஷர் மாத்திரையை எப்போதோ நிறுத்தியாயிற்று.

*

புள்ளிகள் விழுந்த இடம் வெண்பொருள்: மயலின் உறை போர்த்திய நரம்பிழைகள். ரத்தக் குழாய்களின் கடைக்கோடிக் கிளைகள்தான் இதற்கு ரத்தம் தருகின்றன. பிரஷரும் சுகரும் அந்தக் கிளைகளைக் கெடுத்தால் முன்மூளைக்கும் உணர்ச்சி மையங்களுக்கும் உள்ள தொடர்பு நைந்துபோகும்.

*

1997இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவை எழுதின. ஒன்று அலெக்சோபூலஸ் குழு. மற்றொன்று டியூக் பல்கலைக்கழகத்தில் ரங்கா கிருஷ்ணன் குழு. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வில் ஒரு பகுதி ரத்தக் குழாய்க் கோளாறால் வருவது என்றார்கள். இவர்களுக்குக் குற்றவுணர்வு குறைவு; மந்தமும் எதிலும் நாட்டமின்மையும் அதிகம். வழக்கமான மனச்சோர்வு மாத்திரை இவர்களில் பலருக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. அதற்காக மருந்தே வேண்டாம் என்று விடுவது கொடுமை. பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும்.

*

மனச்சோர்வு மாத்திரை வெண்பொருளையே காக்குமா? மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 445 பேரிடம் பிரிட்டனில் சோதித்த மருந்துகளில் ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் ஒன்று. 96 வாரம். மூளை சுருங்குவது குறையவில்லை (2020). எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

*

பிரஷர் கதை வேறு. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, சுமார் 4 ஆண்டுகளில் வெண்புள்ளிகள் 0.92 கன செ.மீ. கூடின. 140க்குக் கீழே போதும் என்றிருந்தவர்களுக்கு 1.45.

*

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அக்கா இரண்டே கேள்வி கேட்கட்டும்: "ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கிடக்குதாய்யா? எதுலயும் நாட்டமில்லாம இருக்குதா?" ஆமாம் என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

*

மறக்கக் கூடாதது: சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரையும் ஃப்ளூவாக்ஸெடின் வகையும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். குழப்பம், தள்ளாட்டம் வரும். மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை.