தகர டப்பாவும் எண்ணெய் பீப்பாயும்

பூவரச இலையைச் சுருட்டி பீப்பீ ஊதாத பிள்ளைகள் நம்மூரில் குறைவு. திருவிழாக் கடைகளில் கொட்டாங்குச்சியில் குச்சியும் கம்பியும் கட்டி ஒரு வயலின் விற்பார்கள். கடைக்காரர் வாசித்தால் சினிமாப் பாட்டு வரும். வீட்டுக்கு வாங்கி வந்து வாசித்தால் பூனை கத்தும் :-) இரண்டே நாளில் குப்பைக்குப் போய்விடும்.

இதற்கு நேர் எதிராக, குப்பையில் கிடந்த சாமான் ஒன்று தேசிய இசைக்கருவியான கதையும் உண்டு. நடந்த இடம் வெஸ்ட் இண்டீஸில் உள்ள டிரினிடாட் (பிரையன் லாராவின் ஊர் என்றால் எல்லோருக்கும் புரியும்). கருவியின் பெயர் ஸ்டீல் பேன். தமிழில் எழுதும்போது தலையில் ஊரும் பேன் ஞாபகம் வருகிறது, என்ன செய்வது! சாலை போடும் இடங்களில் தார் டிரம் உருண்டு கிடக்குமே, கிட்டத்தட்ட அந்த அளவுள்ள 200 லிட்டர் எண்ணெய் பீப்பாயிலிருந்து செய்வது அது.

கதை ஒரு தடையில் தொடங்குகிறது. டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் 1838-ல் முழு விடுதலை பெற்றார்கள். அதன் பிறகு கார்னிவல் திருவிழாவைத் தங்கள் திருவிழாவாகவே மாற்றிக்கொண்டார்கள். தீப்பந்தம், முரசு, ஆட்டம் என்று தெருவே அதிரும். ஆங்கிலேய அரசுக்கு இது பிடிக்குமா? 1881-ல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீசுக்கும் மக்களுக்கும் பெரிய கலவரம் மூண்டது. 1884-ல் சட்டம் போட்டு தெருவில் முரசடிப்பதை ஒடுக்கினார்கள்.

முரசு போனால் மூங்கில்! வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டினார்கள். பெரிய துண்டைத் தரையில் குத்தினால் 'தும்' என்று அடிக்குரல். சின்னத் துண்டைக் குச்சியால் தட்டினால் மேல்குரல். இதற்கு டம்பூ பேம்பூ என்று பெயர். ஆனால் மூங்கில் சீக்கிரம் பிளந்துவிடும். ஊர்வலத்தின் நடுவில் பிளந்தால் பக்கத்தில் கிடக்கும் எதையாவது எடுத்துத் தட்டவேண்டியதுதான். அப்படித்தான் 1930களில் பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி எல்லாம் ஊர்வலத்துக்குள் நுழைந்தன. தகரத்தின் சத்தம் மூங்கிலைவிட எட்டூருக்குக் கேட்கும். உடையவும் உடையாது.

அதுவரை தகரம் தாளத்துக்கு மட்டும்தான். ஸ்வரம் எப்படி வந்தது? வின்ஸ்டன் "ஸ்பிரீ" சைமன் என்ற இளைஞரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவர் தன் டின்னை இன்னொருவருக்கு இரவல் கொடுத்தாராம். திரும்பி வந்தபோது அடித்து அடித்து நசுங்கிக் கிடந்ததாம். உள்ளிருந்து தட்டி நிமிர்த்தப் போனவர், தட்டும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுவதைக் கவனித்தாராம். இல்லை, இல்லை, எங்கள் பேட்டைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று வேறு சிலர் பெயரும் சொல்லப்படுகிறது. உண்மையில் ஒரே காலத்தில் பல கொல்லைப்புறங்களில் பலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942 முதல் கார்னிவலே நிறுத்தப்பட்டது. ஆனால் அமெரிக்க ராணுவம் டிரினிடாட்டில் தளம் அமைத்திருந்தது. எண்ணெய்க் கிணறுகளும் அந்தத் தீவில் உண்டு. ஆகவே காலிப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. 1945-ல் போர் முடிந்த கொண்டாட்டத்தில் இளைஞர்கள் தகரங்களோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டப்பாவின் இடத்தைப் பீப்பாய் பிடித்தது. அந்த மாற்றத்தில் முன்னால் நின்றவர் எல்லி மானெட். தட்டும் முகத்தை வெளியே புடைக்கவிடாமல் கிண்ணம்போல் உள்ளே குழித்ததும், குச்சியின் முனையில் ரப்பர் சுற்றி ஒலியை மென்மையாக்கியதும் அவர் செய்தவை என்கிறார்கள்.

செய்யும் விதத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பீப்பாயைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தைப் பெரிய சம்மட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக் குழிக்கவேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும். பிறகு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இடம் குறித்து, அந்தக் கோட்டின்மேல் உளியால் வரிசையாகக் குத்தி எல்லை போடவேண்டும். பெரிய இடம் கீழ் ஸ்வரம், சின்ன இடம் மேல் ஸ்வரம். அடுத்து பீப்பாயின் உடம்பை வேண்டிய நீளத்துக்கு வெட்டுவார்கள். மேல்குரல் பேனுக்கு ஒரு சாண் உயரம் போதும். அடிக்குரலுக்கு முழுப் பீப்பாயே வேண்டும். அதிலும் ஒரு பீப்பாயில் மூன்று ஸ்வரம்தான் கொள்ளும் என்பதால் ஒரே ஆள் ஆறேழு பீப்பாய்களுக்கு நடுவில் நின்று சுழன்று சுழன்று வாசிப்பார். வெட்டியதை நெருப்பில் சுட்டு ஆறவைத்தபின் சுருதி சேர்க்கும் வேலை. சின்னச் சுத்தியலால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்தால் பக்கத்து ஸ்வரம் கலையும். காதுதான் அளவுகோல். நாட்கணக்கில் ஆகும்.

இப்படிச் செய்தவர்களுக்கு ஊரில் கிடைத்த பெயர் ரவுடி. பேட்டைக்குப் பேட்டை இசைக்குழு, குழுக்களுக்குள் வெட்டுக்குத்து. குழுக்களின் பெயர்களைப் பாருங்களேன்: டெஸ்பரேடோஸ், இன்வேடர்ஸ், கேசபிளாங்கா, டோக்கியோ. எல்லாம் சண்டைப் படம் பார்த்து வைத்தவை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

1951-ல் நிலைமை மாறியது. லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு ஒரு குழுவை அனுப்ப, சண்டைக்காரப் பேட்டைகளிலிருந்தே நல்ல கைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். சைமனும் மானெட்டும் அதில் இருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஜோசப் கிரிஃபித், போலீஸ் பேண்டு நடத்தியவர்! விட்டுப்போன ஸ்வரங்கள் எல்லாம் இருக்கவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால்தான் கருவி முழுமை அடைந்தது. பயணச் செலவுக்கு ஊர்மக்கள் பணம் திரட்டினார்கள். லண்டனில் பீப்பாய்களிலிருந்து இசை வந்ததைக் கேட்டு ஜனங்கள் அசந்துபோனார்கள்.

பிறகென்ன, வெளியூரில் கைதட்டினால் உள்ளூரிலும் மரியாதை வந்துவிடுமே. கம்பெனிகள் குழுக்களுக்குப் பணம் கொடுக்க வந்தன. இன்வேடர்ஸ் ஷெல் இன்வேடர்ஸ் ஆனது. காலிப் பீப்பாயைத் தூக்கிப்போட்ட எண்ணெய்த் தொழிலே அதே பீப்பாயின் மேல் தன் பெயரை எழுதியது. கணக்குப் பதிவியலில் ஸ்கிராப் வேல்யூ என்று ஒன்று உண்டு, பயன் முடிந்த பொருளை விற்றால் கிடைக்கும் சொற்பத் தொகை. இந்தப் பீப்பாயை எந்தப் பத்தியில் எழுதுவது?

1963-ல் பனோரமா என்ற பெரும் போட்டி தொடங்கியது. அதில் நம்மவர் ஒருவர் கொடி கட்டிப் பறந்தார். கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த ஜித் சமரூ, ரெனகேட்ஸ் குழுவுக்கு இசையமைத்து ஒன்பது முறை வென்றுகொடுத்தார். 1992-ல் ஸ்டீல் பேன் தேசிய இசைக்கருவி ஆனது. 2025-ல் நாட்டின் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அங்கே ஸ்டீல் பேனை வைக்கச் சட்டம் செய்தார்கள்.

எல்லாம் சரி, காசு யாருக்கு? 2001-ல் அமெரிக்காவில் இரண்டு பேர், திரவ அழுத்தத்தால் தகட்டை அழுத்தி ஸ்டீல் பேன் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். டிரினிடாட்டில் கொதித்தெழுந்தார்கள். அது கருவிக்கு இல்லை, செய்முறைக்கு மட்டும்தான் என்று சட்டம் தெரிந்தவர்கள் விளக்கலாம். இருந்தாலும் வயிறு எரியத்தானே செய்யும்? காப்புரிமை கேட்க ஒரு பெயர் வேண்டும், ஒரு தேதி வேண்டும், கட்டணம் வேண்டும். கொல்லைப்புறத்தில் தகரம் தட்டிய பத்துப் பேரில் யார் பெயரை எழுதுவது? அன்று அவர்களில் ஒருவர் அலுவலகப் படி ஏறியிருந்தாலும் வாசலிலேயே விரட்டியிருப்பார்கள்.

எல்லி மானெட் 1967-ல் அமெரிக்காவில் குடியேறினார். 1990களில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பீப்பாயைக் குழிக்கவும் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொடுத்தார். 2018-ல் தொண்ணூறு வயதில் அங்கேயே காலமானார்.