மாப்பிள்ளை தலையில் சொட்டிய எண்ணெய்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோதே, "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கனவே நாற்பது வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார். ஆகவே நிலவையும் காதலையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, ஐந்தாம் செமஸ்டர் பரீட்சை முடிந்த லீவில் நான் பார்த்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல்காரர்களுக்கு உடனே புரியும். சிவில் நண்பர்களும் கம்ப்யூட்டர் நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும். நடுவில் ஒரு கல்யாணம் வருகிறது!

கோவை கணபதியில் ஒரு சிலிண்டர் சர்வீஸ் பட்டறை. முதல் வருஷத்திலிருந்து லீவு விட்டால் நான் அங்கேதான். டிப்பர் லாரி, ஜே.சி.பி., டிராக்டர் என்று எதில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகினாலும் அங்கே வரும். மேஸ்திரி அண்ணா எட்டாவதோடு நின்றவர். ஆனால் ராடைத் துணியால் துடைத்து, நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தே, "குரோம் போயிருச்சு, சீல மாத்தி பிரயோசனமில்ல" என்று சொல்லிவிடுவார். நம் லேபில் இருக்கும் ட்ரெயினர் கிட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஒழுகாத ஹைட்ராலிக்ஸைப் படித்து என்ன பிரயோசனம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

நான் அங்கே போவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. அப்பா ஜல்லி லாரியில் லோடுமேன். அம்மா மில்லில் கோன் வைண்டிங். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனாலும் அப்பா கோபப்படுவது, படிக்கிற பையன் கையில் கிரீஸ் படுகிறதே என்பதற்காக அல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரோடு வேலை பார்த்த ஒருவர், தூக்கி நிறுத்திய டிப்பர் பாடிக்கு அடியில் கிரீஸ் வைக்கப் போனார். கட்டை வைக்கவில்லை. ஹோஸ் வெடித்தது. அதற்குப் பிறகு ஹைட்ராலிக் என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. எனக்கோ அதில்தான் நல்ல மார்க்.

ஒரு கார்த்திகை மாசம் புதன்கிழமை, எங்கள் பட்டறை வாசலில் ஜே.சி.பி. நிற்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஜெர்மன் வண்டி, வயசு இருபதுக்கு மேல். பட்டனை அமுக்கினால் மேலே இருக்கும் துணிக் கூரை தானாக மடிந்து, பின்னால் டிக்கிக்கு முன் இருக்கும் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உரிமையாளர் முன்பு டாக்ஸி ஓட்டியவர். கடன் வாங்கி இந்தக் காரைப் பழையதாக வாங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுகிறார்.

"ஏனுங் மேஸ்திரி, போன முகூர்த்தத்துல மாப்பிள்ளை தலைமேல ஆயில் சொட்டீருச்சுங்க. பட்டு வேட்டியெல்லாம் கறை."

"நலங்கு வச்சாப்பல ஆயிருச்சுன்னு சொல்லுங்க" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த அழைப்பு. அட்வான்ஸ் வாங்கி மகளுடைய நர்சிங் படிப்புக்குக் கட்டிவிட்டார். அதை விட்டால் மார்கழி பூராவும் முகூர்த்தம் கிடையாது. தை பிறக்கும்வரை வண்டிக்கு வேலையில்லை, தவணைக்கு மட்டும் லீவில்லை. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் கேட்டாராம். சிலிண்டர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த மேஸ்திரி, "இதுல ஒரு செகண்ட் ஹேண்ட் டெம்போவே வாங்கிப்போடலாமே" என்றார்.

தானாக மடியும் கூரை ஒன்றும் நேற்று வந்த அதிசயம் இல்லை, தோழர்களே! அமெரிக்காவில் 1939 மாடல் பிளைமவுத் காரிலேயே வந்துவிட்டது. அதில் கூரையை இழுத்தது வேக்குவம் சிலிண்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹைட்ராலிக் வந்தது. ஆரம்பத்தில் சில அமெரிக்க கார்களில் பிரேக் ஃப்ளூயிட்டையே ஊற்றினார்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஒழுகினால் பெயிண்ட்டை உரிக்கும். பிறகு மினரல் ஆயில் வகைக்கு மாறினார்கள். எங்களிடம் வந்த காரில் டிக்கிக்குள் ஒரு மோட்டார், ஒரு பம்பு, ஒரு வால்வு பிளாக். அதிலிருந்து பென்சில் கனத்தில் ஹோஸ்கள் கிளம்பி மொத்தம் 11 சிலிண்டருக்குப் போகின்றன. பெட்டி மூடியைத் திறக்க, கூரையின் பின் வளைவைத் தூக்க, முழுக் கூரையை மடிக்க, முன் கண்ணாடிக்கு மேலே கொக்கி போட என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. ஒன்று முடிந்ததா என்று சென்சார் சொன்னால்தான் கண்ட்ரோல் யூனிட் அடுத்ததை விடும். நாம் புக்கில் படிக்கும் சீக்வென்சிங் சர்க்யூட்டேதான்!

மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தது அந்தக் கொக்கி சிலிண்டர். இருக்கும் இடம் அப்படி, நேரே தலைக்கு மேல். கூரையைத் தூக்கும் இரண்டு பெரிய சிலிண்டர்களிலும் ஈரம் கசிந்திருந்தது. அவற்றில் இடது பக்கம்தான் மோசம். "அதை மட்டும் பண்ணுனாப் போதுங்க" என்றார் உரிமையாளர். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே வயசு, ஒரே வெயில், ஒரே சீல். இடது போனால் வலதும் சீக்கிரம் போகும். அதற்குள் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் தொங்கினால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும்.

சர்க்யூட் டயகிராம் ஆங்கிலத்தில் கிடைத்தது. மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இதென்ன கோலம் போட்டிருக்கு? நீ பாரு" என்று என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு வருஷ அனுபவக்காரர் என் முகத்தைப் பார்த்து நிற்கிறார். மூன்று மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்த சிம்பல்கள்! பம்பு, செக் வால்வு, டபுள் ஆக்டிங் சிலிண்டர் என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். எந்த ஹோஸ் எந்தச் சிலிண்டருக்கு என்று டேப் ஒட்டி நம்பர் போட்டோம்.

முதல் வேலை கட்டை. கூரையைப் பாதியில் நிறுத்திவிட்டு இக்னிஷனை ஆஃப் செய்தால், சில வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் பிரஷர் தானாக இறங்கி, கூரை அப்படியே சரியும். கை உள்ளே இருந்தால் அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து அந்த வழியாக வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். காரை அவர் பார்க்கவே இல்லை. நேரே வந்து கட்டையைப் பிடித்து இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "ராத்திரி சாப்பிட வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிலிண்டரைத் திறப்பது டிப்பர் சிலிண்டர் போல இல்லை. தலைப் பகுதியை முதலில் உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் அதைப் பிடித்திருக்கும் கம்பி வளையம் தெரியும். அதை ஊசியால் நெம்பி எடுத்தபின்தான் தலை வெளியே வரும். வந்தது. சீல் என்று ஒன்று இல்லை! வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. சூடும் ஈரமும் சேர்ந்தால் சிலவகை பாலியூரிதேன் வருஷக்கணக்கில் உடைந்து இப்படி ஆகும். ஹைட்ராலிசிஸ் என்று பெயர். கெமிஸ்ட்ரியில் படித்ததைக் கையில் தொட்டது அன்றுதான். நல்லவேளை, ராடில் கீறல் இல்லை.

உண்மையான சிக்கல் வெள்ளிக்கிழமை வந்தது. ராடு 8 மி.மீ., போர் 16 மி.மீ. இவ்வளவு சின்ன ஹைட்ராலிக் சீல் கடையில் இல்லை. ஆனால் அதே அளவில் நியூமேட்டிக் சிலிண்டருக்கான சீல் இருந்தது, அதுவும் சல்லிசாக. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், அளவு கச்சிதம். உரிமையாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போட்டுருங்க மேஸ்திரி. நாளைக்கு ஒரு நாள் தாங்குனாப் போதும்." மேஸ்திரியும் யோசித்தார். மணி ஏற்கனவே மூன்று.

நான் ஒரு அட்டையில் கணக்குப் போட்டேன். பிஸ்டன் பரப்பு 201 சதுர மி.மீ. பிரஷர் 100 பார் என்று வைத்துக்கொண்டால் (இந்த மாதிரிப் பம்புகள் அதற்கு மேலும் போகக்கூடியவை) தள்ளும் விசை 2010 நியூட்டன். ஏறக்குறைய 205 கிலோவுக்குச் சமம். ராடு பக்கம் பரப்பு குறைவு, 151 சதுர மி.மீ. என்பதால் இழுக்கும்போது 1510 நியூட்டன். நம் லேபில் நியூமேட்டிக் சர்க்யூட் ஓடுவது 6 பாரில். அந்த சிலிண்டர்கள் சாதாரணமாகத் தாங்குவதே 10 பார்தான். "அண்ணா, இது காத்துக்குச் செஞ்ச சீலுங்ணா. பத்து மடங்கு பிரஷர்ல உதடு மடங்கிரும். நடு ரோட்டுல, மாப்பிள்ளை உக்காந்திருக்கும்போது பிச்சுக்கும்" என்றேன்.

"நீ படிக்கிறது பொஸ்தகம் தம்பி. எனக்கு நாளைக்கு முகூர்த்தம்" என்றார் உரிமையாளர். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் மகளும் என் வயசுதான் இருக்கும். இவர் அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் அவளுடைய ஃபீஸ்தான் அடிபடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒவ்வொரு செமஸ்டரும் அதே கதைதானே. ஆனாலும் அட்டையை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய சீலை வழித்து எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, வண்டியை எடுத்தார். "பி.யூ. கடையற பையன் ஒருத்தன் இருக்கான். ஏறு."

அந்தக் கடையில் பாலியூரிதேன் உருளையை மெஷினில் வைத்து எந்த அளவுக்கும் சீல் கடைந்து தருகிறார்கள். ஈரத்தைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கினோம். மூன்று சிலிண்டருக்கும் ராடு சீல், வைப்பர், பிஸ்டன் சீல் என்று கையில் வந்தபோது சனிக்கிழமை பதினொன்றரை மணி.

மாட்டும் வேலையில் அவசரம் உதவாது. ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் புது சீலைக் கிழித்துவிடும். பாகங்களைக் கழுவி, ஆயில் தடவி, சீலை மடக்கி உள்ளே விட்டு, அது மறுபடி விரியும்வரை காத்திருந்து... பேன்ட் பையில் கைவிட்டுக்கொண்டு உரிமையாளர் நடந்த நடையில் பட்டறைத் தரையே தேய்ந்திருக்கும். இடையில் யாரோ, "ஆயில் கொறையுது, கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்திக்கலாமா?" என்றார்கள். மேஸ்திரி பார்த்த பார்வையில் அவர் டீ வாங்கப் போய்விட்டார். டேங்க் மேலே எழுதியிருக்கும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். மினரல் ஆயிலுக்குச் செய்த சீல் பிரேக் ஃப்ளூயிட் பட்டால் கெட்டுவிடும்.

பேட்டரி இறங்காமல் இருக்க இன்ஜினை ஓடவிட்டு, கட்டையை எடுத்து, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி பட்டனை அமுக்கினோம். பம்பு முனகியது. கூரை இரண்டு அடி எழுந்து நடுங்கி நின்றது. உள்ளே காற்று. இறக்கி மறுபடி ஏற்றினோம். ஐந்தாறு தடவை ஏறி இறங்கியதும் காற்றெல்லாம் டேங்குக்கு வந்துவிட்டது. ஆயில் அளவைப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றினோம். ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் விரலைக் கொண்டுபோனார். நான் தட்டிவிட்டேன். இதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசித் துளை வழியாகப் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பொட்டுக் காயம்தான் தெரியும், ஆனால் கையையே எடுக்கும்படி ஆகலாம். எப்போதும் அட்டையை நீட்டித்தான் பார்க்க வேண்டும். என் கணக்கு அட்டையையே நீட்டினோம். காய்ந்தே இருந்தது.

மணி நாலேகால். காரைக் கழுவிப் பூ கட்டுவதற்குள் அவருக்கு ஆறாகியிருக்கும். கிளம்பும்போது ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை வந்து மேஸ்திரியிடம் பணம் கொடுத்துவிட்டு, என் கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைக் கொடுத்தார். "மாப்பிள்ளை தலை காஞ்சே இருந்துச்சு தம்பி" என்றார். பையில் ஒரு தேங்காய், இரண்டு பழம்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லாத நேரமாகப் பார்த்து மீதி எட்டு சிலிண்டரையும் கொண்டுவந்தார். ஆறாம் செமஸ்டர் தொடங்கிவிட்டதால் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனேன். எட்டிலும் வெல்லம்தான். ஒன்றில் மட்டும் ராடில் கீறல் விழுந்திருந்தது. அதற்குப் புது ராடு கடைந்து, குரோம் போட்டு வந்தபோது தை மூன்றாம் தேதி.