மலைநாட்டிற் பத்து நாள்

2024 ஆம் ஆண்டு மே மாதத்தில், இக்கல்லூரி மாணவர் எண்மராகிய யாம், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிற் சிறுவர் விடுமுறைப் பள்ளி நடத்தும் பொருட்டு, அவ்விடத்துச் சபையாரின் அழைப்பிற்கிணங்கிச் சென்றிருந்தோம். எம்முள் எவரும் இருபது வயது நிரம்பாதவர். கொழும்பிலிருந்து புகைவண்டியேறி, 4,000 அடிக்கு மேல் உயர்ந்துள்ள ஹட்டனில் இறங்கினோம். வழிப்பயணத்தை விரித்தெழுதுதல் இவ்விதழில் வழக்கமேயாயினும், எமக்கு அதில் விருப்பமில்லை.

இத்தகைய பள்ளிகளின் தொடக்கம் விந்தையானது. 1898 இல் நியூயார்க்கு நகரில் ஹாஸ் அம்மையார் என்பார், தெருவில் திரிந்த சிறுவரைக் கூட்டுதற்கு மதுக்கூடமொன்றை வாடகைக்கமர்த்திக் கற்பித்தார். எமக்கு வாய்த்ததோ கொழுந்து மடுவம். கொழுந்து நிறுக்கும் தராசு மூலையில் தொங்க, அதனருகே 43 சிறுவர் பாய்மேல் அமர்ந்தனர். நிறுவை வேளையில் பாடத்தை நிறுத்தி இடம்விடல் வேண்டும். தலையிற் சுமையோடு வந்த தாய்மார், தம் மக்கள் பாடுவதைச் சற்றே நின்று கேட்டுச் செல்வர்.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் எமக்கு அவர்தம் பேச்சே விருந்தாயிற்று. குடியிருப்பு வரிசையை லயம் என்பர். ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் அவ்வாறு திரிந்ததாம். காலையில் வேலையாட்கள் கூடுமிடம் பிரட்டுக்களம். கைக்குழந்தைகளை விட்டுச் செல்லுமிடம் பிள்ளைக்காம்பரா. செடியை வெட்டித் தழைக்கவிடுதல் கவ்வாத்து. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடுவதற்கு முன்னரே, காப்பித் தோட்டங்களுக்கென நம் நாட்டினின்று நடந்து சென்ற ஏழைகளும், பின்னர்த் தேயிலைக்கெனச் சென்றோருமே இவர்தம் முன்னோர்.

ஐந்தாம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தி, இருமலுற்ற தம்பியை இடுப்பிற் சுமந்து, இரண்டாம் பாடமும் முடிந்தபின் வந்தாள். வருகைப் பதிவேட்டை நோக்கி, “அக்கா, எனக்கு இன்னக்கி அரைப்பேரா?” என்றாள். யாம் விழித்தோம். கோத்தகிரியினின்று வந்திருந்த எம் தோழியின் முகம் மட்டும் மாறிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதவர்க்கு அரைநாட் கூலி எழுதுவதே அரைப்பேர். அச்சொல்லை அவள் தன் பாட்டியின் வாயாற் கேட்டிருந்தாள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையிழந்து, 1964 இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. நீலகிரிக்கு வந்தும் அவர்கள் பறித்தது கொழுந்தே. அங்கேயே தங்கி நாடற்றோராயிருந்த எஞ்சியோர்க்கு வழி திறந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டம்.

பத்து நாளும் வேளை தவறாது வந்தோர்க்கே பரிசுப் புத்தகம் என்பது பள்ளியின் விதி. அன்றிரவு அதுபற்றி எம்முள் வழக்கெழுந்தது. விதியைத் தளர்த்தின், நாள்தோறும் மழையில் நனைந்து வேளையோடு வந்த பிள்ளைகளுக்கு அநீதியென்றனர் ஐவர். இருமலுள்ள குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஏற்கமாட்டார். தாய் வேலைக்குச் செல்லாவிடிற் கூலியில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே தம்பியைச் சுமந்து வந்தவளுக்கு நாமும் அரைப்பேரெழுதுவதோ என்றனர் இருவர். எம் கருத்தும் அதுவே. கோத்தகிரித் தோழி வாய் திறந்தாளில்லை. மறுநாள் விடியலில் அவள் லயத்துக்குச் சென்று, குழந்தையைத் தானே தோளிலேற்றி வந்தாள். நெற்றியில் மழைநீர் வழிய, அச்சிறுமி எல்லார்க்கும் முன் ஓடி வந்தாள். எஞ்சிய நாளெல்லாம் அவ்வாறே நிகழ்ந்தது.

பரிசளிக்கும் நாளிற் பதிவேடு வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நாட் கட்டத்தில், அவள் பெயருக்கு நேரே, முழு வருகையே எழுதப்பட்டிருந்தது. பதிவேடு தோழியின் பொறுப்பிலிருந்தது. ஐவருள் ஒருவரும் அதுபற்றி வினவவில்லை.

சிறுமி புத்தகத்தைப் பெற்று, முதற்பக்கத்திற் பெயரெழுதித் தரும்படி எம்மிடம் நீட்டினாள். எழுதியபின், தம்பியின் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். இடமிருந்தது, எழுதினோம்.