எங்கள் வீட்டுச் சமுத்திரம்

திருவண்ணாமலையில் ஒரு சமுத்திரம் இருக்கிறது. ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஏரிக்குத்தான் அந்தப் பெயர். அதில் உப்புக் கிடையாது. மழை பொய்த்த வருஷங்களில் தண்ணீரும் கிடையாது. உண்மையான உப்புத் தண்ணீர்ச் சமுத்திரத்தை இந்த ஊரில் பார்க்கவேண்டுமானால், தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்துக்குத்தான் வரவேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 190 லிட்டர் பிடிக்கும்.

இதற்குக் காரணம் எங்கள் டாக்டர். என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். தினம் அரை மணி நேரம் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். மனம் அமைதியாகும்" என்றார். சாதாரண மீன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். கதை எழுதுகிறவனுக்குச் சாதாரணமானது எதுவும் பிடிக்காதே! கடல் மீன் வளர்ப்பதென்று தீர்மானித்தேன்.

கடலோரத்துக்காரர்களுக்கு இது பெரிய காரியமல்ல. சென்னையில் 1909-ஆம் வருஷத்திலேயே மெரினாக் கரையில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். தண்ணீர் வாசலிலேயே இருந்தது. எனக்கோ, பக்கத்துக் கடல் என்றால் புதுச்சேரி. அது 100 கிலோமீட்டருக்கு மேல். ஆகையால் கடலை வீட்டிலேயே தயாரிக்க வேண்டியிருந்தது. சமையல் உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலானவையெல்லாம் கடலில் உள்ள விகிதத்தில் சேர்ந்த உப்புக் கலவை பையில் விற்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைக்கவேண்டும். என் தொட்டிக்கு ஆறரைக் கிலோ ஆயிற்று. அதன் பிறகு நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். மீனின் கழிவில் உண்டாகும் அம்மோனியாவைத் தின்று, விஷம் குறைந்த பொருளாக மாற்றும் நுண்கிருமிகள் பாறைகளில் குடியேறுவதற்கு அவ்வளவு நாளாகும்.

அந்தப் பொறுமை எனக்கில்லை. சென்னை கொளத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். "இதைப் போடுங்கள் சார், எந்தத் தண்ணீரிலும் சாகாது" என்று கடைக்காரர் ஒன்றரை அங்குல மீன் ஒன்றைக் காட்டினார். உடம்பு முழுவதும் கறுப்பு வெல்வெட்டு. நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று வெள்ளைப் பொட்டு. டாமினோ என்று பெயர். நம் மன்னார் வளைகுடாவிலும் உள்ளதுதான். டாம்செல் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. டாம்செல் என்றால் கன்னிப் பெண் என்று அர்த்தம். இப்படிப் பெயர் வைத்த மகானுபாவர் அதோடு ஒரு வாரமாவது குடித்தனம் செய்து பார்த்திருக்கமாட்டார் என்பது நிச்சயம்.

மீன் வந்த அதே மாதம் என் தம்பியும் வந்தான். அவன் வேலை பார்த்த ஆலை மூடிவிட்டதால் மனைவி, பையனோடு புதுச்சேரியிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பா கட்டின வீடு; அவனுக்கும் அதில் பாதி உண்டு. ஆனால் இருபது வருஷமாக நான் ஒருவனே அதில் இருந்துவிட்டேன். கூடத்தில் என் மேஜை, திண்ணையில் என் சாய்வு நாற்காலி, மாடி அறையில் என் பழைய பத்திரிகைக் கட்டுகள். அவர்களுக்குச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையைக் கொடுத்தோம்.

"அண்ணா, கடல் தண்ணீரையே கேனில் கொண்டுவந்துவிடலாமே" என்று தம்பி ஒரு நாள் சொன்னான். எட்டு வருஷம் கடலோரத்தில் இருந்தவன் அவன். "கரைத் தண்ணீரில் அழுக்கு இருக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். அதன் பிறகு அவன் தொட்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு மாதத்தில் இரண்டு கோமாளி மீன்கள் வாங்கிவந்தேன். ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. சினிமாவில் வந்து உலகப் பிரசித்தி பெற்றவை. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடித்து வரவேண்டிய அவசியமில்லை. தொட்டியின் இடது பக்கப் பாறையை டாமினோ தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தது. கோமாளிகள் வலது மூலைக்குப் போய்விட்டன. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அதைத் தாண்டினால் டாமினோ பாய்ந்து வந்து வாலைக் கடிக்கும். கோமாளிகளும் சாதுக்களல்ல, அவை திருப்பிக் கடித்தன. ஒருவிதமாகச் சமாதானம் நிலவியது.

இந்தக் கோமாளிகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். கூட்டத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியதுதான் பெண், அடுத்தது ஆண், மற்றவை இரண்டுமில்லாமல் காத்திருப்பவை. பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறிவிடும். 1977-இல் ஃபிரிக்கே தம்பதிகள் இதை எழுதினார்கள். 2003-இல் பீட்டர் பஸ்டன் என்ற விஞ்ஞானி, பப்புவா நியூ கினியில் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார். வரிசையில் கீழே இருக்கும் மீன், தனக்கு மேலே இருக்கும் மீனைவிட எப்போதும் சிறியதாக இருக்கும்படி தன் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கிறதாம். கிட்டத்தட்டச் சமமாக வளர்ந்துவிட்டால் விரட்டப்படும் அபாயம் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது எல்லாருக்கும் சொன்னேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் நான் செய்த தவறுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம். நெருப்பு மீன் என்று ஒன்றை வாங்கி வந்தேன். விரல் நீளம். முன்பாதி வெண்மை, பின்பாதி போகப் போக ஆரஞ்சாகி, வாலில் கனிந்த தணல்போல் சிவந்திருக்கும். முதுகில் கம்பிபோல் ஒரு நீண்ட கீற்று. அதை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்திக்கொண்டு, ஒரு பொந்தின் வாசலில் நீரில் நின்றபடி இருக்கும். யார் வம்புக்கும் போகாது. பயந்தால் பொந்துக்குள் போய்விடும். பொந்து கிடைக்காவிட்டால் மேலே துள்ளும். தொட்டிக்கு வலை மூடி போடவேண்டும் என்று கடைக்காரர் இரண்டு தரம் சொல்லியனுப்பினார்.

உள்ளே விட்ட ஐந்தாவது நிமிஷமே டாமினோ அதைத் துரத்தத் தொடங்கியது. நான் பயந்து, தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்து, ஒவ்வொரு வைத்தியமாகச் செய்தேன். புது மீன் வரும்போது பாறைகளைக் கலைத்து மாற்றி அடுக்கவேண்டும்; பழைய மீனுக்குத் தன் எல்லை எதுவென்று மறந்துபோகும் என்றார்கள். அடுக்கினேன். மறதி ஒரு நாள்தான் இருந்தது. தொட்டிக்கு வெளியே முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால், முரடன் தன் பிம்பத்தோடு சண்டைபோட்டுக் களைத்துப்போவான் என்றார்கள். டாமினோ இரண்டு நாள் கண்ணாடிக்காரனோடு மல்லுக்கு நின்றது. மூன்றாம் நாள் அவனோடு ராஜியாகிவிட்டது. இரண்டு மூலைகளிலும் ஒரே சமயத்தில் இரை போட்டேன். காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையில் டாமினோவை நாலு நாள் சிறைவைத்து, புதியது பொந்து தேடிக்கொள்ள அவகாசம் கொடுத்தேன். இது கொஞ்சம் பலித்தது. ஒரு வாரம் அமைதியாக இருந்தது. பிறகு பழைய கதைதான்.

முறையாகச் செய்திருந்தால் இத்தனை வைத்தியம் வேண்டியதில்லை. சாதுவை முதலில் விடவேண்டும், முரடனைக் கடைசியில் விடவேண்டும். அல்லது முரடனை வாங்காமலே இருக்கவேண்டும். அந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

கார்த்திகைத் தீபம் வந்தது. அன்று காலையில் தம்பி என் சாய்வு நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டிருந்தான். பையன் பட்டாசு வைப்பதற்கு இடம் வேண்டுமாம். "இருபது வருஷமாக இருக்கிற இடம் அது. வந்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள்ளா?" என்றேன். அவன் பேசாமல் திரும்ப நகர்த்திவிட்டான்.

மாலையில் மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தேன். "தீபம் ஏற்றப் போகிறார்கள்" என்று மொட்டைமாடியிலிருந்து குரல் வந்தது. ஓடினேன். 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரியும். நான் பெரியவன், நீ பெரியவன் என்று பிரம்மாவும் விஷ்ணுவும் சண்டையிட்டார்கள். அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாகச் சிவபெருமான் அவர்கள் நடுவில் நின்றார். அந்த நெருப்புதான் இந்த மலை. சண்டையில் பிறந்த ஊர் இது. கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தேன்.

கூடத்தில், தொட்டியின் அடியில், சிமெண்டுத் தரையில் நெருப்பு மீன் கிடந்தது. காய்ந்து போயிருந்தது. வலை மூடியை நான் எடுத்து வைத்தது மேஜைமேல் அப்படியே இருந்தது. தொட்டிக்குள் டாமினோ ஒன்றும் அறியாததுபோல் தன் பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிமுடியாது. "கொலைகாரப் பயல்! ராட்சசன்!" என்று கத்தினேன். இத்தனை வருஷமாக நாவல்களில் எத்தனையோ வில்லன்களைப் படைத்திருக்கிறேன். ஒருவனையும் இப்படி வைததில்லை.

என் மனைவி ஒரு காகிதத்தில் மீனை எடுத்துக்கொண்டே, "அதை ஏன் வைகிறீர்கள்? முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் செய்கிறதைத்தானே அதுவும் செய்தது?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். துளசி மாடத்தடியில் புதைக்கப் போய்விட்டாள்.

அன்றிரவு கொன்ராட் லோரன்ஸின் புத்தகத்தை எடுத்தேன். 1963-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. ஆக்கிரமிப்பு குணத்தைப் பற்றியது. பவழப் பாறை மீன்களில்தான் தொடங்குகிறார். ஒரே இனத்து மீன்களைத் தொட்டியில் சேர்த்து விட்டால் சீக்கிரத்தில் பலசாலி ஒன்றுதான் மிஞ்சும் என்கிறார். கடலில் அப்படி நடப்பதில்லை. எல்லை தாண்டின மீனைச் சொந்தக்காரன் துரத்துகிறான். அது பத்து முழம் ஓடினால் போதும், இவன் திரும்பிவிடுகிறான். அவனுக்கு வேண்டியது தன் பாறைதான், இன்னொன்றின் உயிரல்ல. என் டாமினோ லோரன்ஸைப் படிக்கவில்லை. வேறு இனத்தையும் துரத்திற்று. ஆனால் அதுவும் பத்து முழத்தோடு நின்றிருக்கும். மூன்றடிக் கண்ணாடிப் பெட்டியில் பத்து முழத்துக்கு எங்கே போவது? ஓடின மீனுக்கு ஓட இடமில்லை. துரத்தின மீனுக்கோ, எதிரி கண்ணெதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. பெட்டியைச் செய்து இரண்டையும் அதில் போட்டவன் நான்.

அப்போது வாசல் கதவு திறந்தது. தம்பி கிரிவலம் போய்விட்டு வந்தான். வந்த நாளிலிருந்து தினமும் மாலையில் போகிறான். 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் போகிறவர்களைத் தெரியும். இவன் தினம் போகிறானே, நல்ல பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். நாற்பது வயது ஆண்பிள்ளை, அப்பா கட்டின வீட்டில்.

மறுநாள் டாமினோவைப் பிடிக்கவேண்டும் என்றேன். பாறை நிறைந்த தொட்டியில் டாம்செல்லைப் பிடிப்பது லேசல்ல. தம்பியைக் கூப்பிட்டேன். பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் வைத்து, தண்ணீரை நாலு அங்குலத்துக்கு இறக்கி, கொசுவலைத் துண்டின் ஒரு முனையை அவனும் மறுமுனையை நானும் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போராடினோம். "இந்தப் பக்கம், அண்ணா! இந்தப் பக்கம்!" என்று அவன் கத்தினான். எங்கள் சட்டைகள் உப்பில் ஊறின. கடைசியில் பிடித்தவன் அவன்தான்.

"கடலில் விட்டுவிடலாமா?" என்று கேட்டான்.

கூடாது, தொட்டியில் இருந்த மீனைக் கடலில் விட்டால் அதனிடமுள்ள நோய் அங்குள்ளவற்றுக்குப் போகும். அதைச் சொன்னேன். இந்தத் தடவை, 'உனக்குத் தெரியாது' என்று சொல்லவில்லை. புதுச்சேரியில் அவனுடைய சிநேகிதர் ஒருவர் ஆறடித் தொட்டி வைத்திருக்கிறாராம். பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனான். அங்கே இதைவிடப் பெரிய முரடர்கள் இருக்கிறார்களாம்; நம் வீரன் பாறைக்குப் பின்னால் இருக்கிறான் என்று வந்து சொன்னான்.

அவன் திரும்பி வருவதற்குள் நான் மாடி அறையைக் காலி செய்திருந்தேன். பத்திரிகைக் கட்டுகளில் பாதி கடைக்குப் போயிற்று. மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு இருக்கிறது. சாவியைக் கொடுத்தேன். "எதற்கு அண்ணா?" என்றான். "கீழே இடம் போதவில்லை" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "பார்த்தீர்களா, நான் சொன்னேனே! மீன்கள் எத்தனை இருக்கின்றன?" என்று கேட்டார்.

"இரண்டுதான்" என்றேன்.

"அவ்வளவு பெரிய தொட்டிக்கா?"

"பெரியதில்லை, டாக்டர்" என்றேன்.