சின்னபார் தீவுக்கு ஒரு டிக்கெட்

'போகிமான்' ஆடினவரா நீங்க? அப்போ சின்னபார் தீவை மறந்திருக்க மாட்டீங்க. 1996-ல் வந்த முதல் கேமில், கான்டோவின் தெற்குக் கடலில் இருக்கிற குட்டித் தீவு. அங்கே ஒரு பாழடைந்த மாளிகை, உள்ளே சில டைரிக் குறிப்புகள். தென் அமெரிக்காவின் கயானா காட்டில் 'மியூ' கிடைச்சது, அதுக்கு 'மியூடூ' பிறந்தது, அதை அடக்க முடியாமல் போனது... நாலே துண்டு வரிகள்தான். ஆனால், படிச்சா முதுகு சிலிர்க்கும்!

1999-ல் 'கோல்ட்', 'சில்வர்' வந்தது. கதைப்படி மூணு வருஷம் கழிச்சு. ஆசையா கடல் தாண்டிப் போனா, ஊரையே காணோம்! எரிமலை வெடிச்சு எல்லாம் போச்சு. மிச்சம், ஒரே ஒரு போகிமான் சென்டர். ஜிம் லீடர் பிளெய்ன் பக்கத்துத் தீவுக் குகையில் ஜாகை. அந்த டைரி? முதல் கேமை ஆடின உங்க ஞாபகத்தில் மட்டும்தான்.

கான்டோ, ஜப்பானில் நிஜமாவே இருக்கிற பகுதி. மேப்பை ஒப்பிட்டால், சின்னபார் இருக்கிற திசையில் இஸு ஓஷிமா தீவு. டோக்கியோவிலிருந்து ஜெட் படகில் ரெண்டு மணி நேரத்துக்குள் போயிடலாம். அங்கேயும் ஒரு எரிமலை, மிஹாரா. 1986 நவம்பர் 21-ல் அது பிளந்து நெருப்பைக் கொட்ட, சுமார் 10,000 பேரை அவசர அவசரமாகக் கப்பலேற்றினாங்க. ஜப்பானில் 'கோல்ட்' வெளியானதும் ஒரு நவம்பர் 21-ல்தான். தற்செயலாத்தான் இருக்கும். இருந்தாலும்...

ஓஷிமாக்காரங்க ஒரு மாசத்தில் வீடு திரும்பிட்டாங்க. இப்போ அந்தக் கறுத்த லாவா ஓரமா நீங்களே நடந்து போகலாம். பிளெய்ன்தான் பாவம், 2009 ரீமேக்கிலும் குகையிலேயே இருக்கார்.