ஜெயங்கொண்டத்தில் கம்பு தேடி

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உடையார்பாளையத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் ஜெயங்கொண்டம் வந்துவிடுகிறது. இருபுறமும் செம்மண் பூமி, முந்திரித் தோப்புகள், இடையிடையே புளிய மரங்கள். ஊரின் பெயரே வெற்றியைச் சொல்வது. சோழர் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து கூப்பிடு தூரந்தான். வடக்கே ஆண்டிமடம் பக்கம் திரும்பினால் வரதராசன்பேட்டை, தென்னூர் என்று நம் கத்தோலிக்க மக்கள் செறிந்து வாழும் ஊர்கள். தென்மேற்கே கொள்ளிடக் கரையோரம் வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பிய ஏலாக்குறிச்சி.

இவ்வூருக்கு நாம் சென்றது திருயாத்திரையாக அன்று. நம் பங்கு இளைஞர்களுக்குச் சிலம்பக் கம்பு வாங்குவதற்காக. குருவானவருக்கும் கம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் அன்பர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வளைகுடா நாட்டில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். அங்கே ஞாயிறு திருப்பலியில் அவரோடு அருகருகே முழந்தாளிட்டவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்கர்கள். அவர்களிடம் அவர் தம் ஓய்வு நேரத்தில் அந்நாட்டுக் கோல் விளையாட்டைக் கற்றிருக்கிறார். ஆர்னிஸ் என்றும், எஸ்கிரிமா என்றும், காலி என்றும் அதனை வழங்குவர். 2009ஆம் ஆண்டு அந்நாடு சட்டம் இயற்றி ஆர்னிஸைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. இளைஞர் கொண்டுவந்த இரண்டு பிரம்புகளும் ஏறத்தாழ 28 அங்குல நீளம். கைக்கு ஒன்றாகச் சுழற்ற வேண்டும். அதைக் கண்ட நம் சிறுவர், சிறுமியர் தாங்களும் கற்க வேண்டும் என்று வந்து நின்றனர். வெளிநாட்டுக் கோல் எதற்கு, நம் சிலம்பம் இருக்கிறதே என்றனர் பெரியவர்கள். எதுவுமே வேண்டாம் என்றனர் தாய்மார்கள்.

தாய்மார்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அண்டை ஊர் ஒன்றில், தேர்ப்பவனியின்போது இரு தெருவினரிடையே மூண்ட வாய்ச்சண்டை கைகலப்பாகிக் கம்புகள் உயர்ந்தன. ஓர் இளைஞனுக்கு ஒரு கண் போயிற்று. அவனை நம் மக்கள் அனைவரும் அறிவர். “சாமி, கோயில் முற்றத்திலேயே கம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு அதே கம்பு எந்தத் தெருவில் எழும் என்று யாருக்குத் தெரியும்?” என்று ஒரு தாய் கேட்டார். அக்கேள்வியைச் சுமந்துகொண்டேதான் ஜெயங்கொண்டம் வந்து இறங்கினோம். அந்த இளைஞரும், பக்கத்துக்கு ஒருவராக இரு தெருச் சிறுவர் இருவரும் நம்முடன் வந்தனர்.

முதியவரான ஓர் ஆசான் கடைத்தெருவில் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் இந்து அன்பர். ஆனால் சூசையப்பர் சுரூபத்தின் கையில் மலர்ந்த கோல் இருப்பதை எமக்கே நினைவூட்டியவர். ஏணிக்கும் பந்தலுக்கும் மூங்கில் விற்கும் மரவாடி ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்றார்.

அங்கே நாம் கற்றதை, பிள்ளைகளுக்குக் கம்பு வாங்க எண்ணும் பெற்றோருக்காக எழுதுகிறோம். மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. ஒரே பருவத்தில், சில மாதங்களுக்குள், தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். ஆனால் அதன் உடல் முற்றி உறுதிப்பட மூன்று ஆண்டுகளேனும் வேண்டும். உயரத்தைப் பார்த்து இளமூங்கிலை வெட்டினால் அது காய்ந்து சுருங்கும், விரைவில் பிளக்கும். ஆகவே முற்றிய கழியையே தேட வேண்டும். அவற்றிலும் உள்ளே துளை சிறுத்து, சுவர் தடித்த கல்மூங்கில் சிறந்தது. கணுக்கள் நெருங்கியிருந்தால் வலிமை மிகும். கழியில் நுண்ணிய துளைகளும் மாவு போன்ற பொடியும் கண்டால் வண்டு புகுந்துவிட்டது என்று அறிந்து ஒதுக்கிவிட வேண்டும். மூங்கிலில் உள்ள மாவுச் சத்தே அவ்வண்டுக்கு உணவு. வெட்டிய கழியை முன்னோர் நீரில் ஊறப்போட்டதற்குக் காரணம் இதுதான். மாவுச் சத்து நீரில் கரைந்து வெளியேறிவிடும். பின்னர் நிழலில் உலர்த்தி, நெருப்பில் இதமாக வாட்டி, வளைவை நிமிர்த்தி, எண்ணெய் தடவுவர்.

ஆசான் கழி ஒவ்வொன்றையும் ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து நோக்கினார். தரையில் உருட்டினார், நேரான கழி ஓசையின்றி ஓடியது, வளைந்தது துள்ளியது. பின்பு அடியைத் தரையில் தட்டிச் செவிகொடுத்தார். நல்ல கழி கணீரென்று ஒலித்தது. வெடிப்பு உள்ளது மந்தமாய் முனகியது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பே ஆபத்தானது என்றார் அவர். மூங்கில் நீளவாக்கில் பிளந்து கத்திபோன்ற சிம்புகளை உதிர்க்கும். எதிரே நிற்பவரின் கண் அதற்கு இரையாகலாம். இதைக் கேட்டபோது சிறுவர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அப்போது வளைகுடா இளைஞர் தம் பிரம்புகளை நீட்டினார். பிரம்பு பனையினத்தைச் சேர்ந்த கொடி. அதற்கு உள்ளே துளையில்லை, நெடுக நாராலானது. ஓங்கி மோதினாலும் அது சிம்பாகத் தெறிப்பதில்லை, நார்நாராய் நைந்துபோகும். பிலிப்பைன்ஸ் மக்கள் பயிற்சிக்குப் பிரம்பைத் தேர்ந்தது இதனாலேயே. ஆசான் அதை வாங்கி வளைத்துப் பார்த்து, “இருவர் மோதிப் பழகுவதற்கு இது நல்லது, சாமி. நம் சிலம்பத்திலும் பிரம்பு உண்டு. தனியே சுற்றிப் பழகுகிற பிள்ளைக்கு மூங்கில் போதும்” என்றார். வீட்டில் தொடங்கிய விவாதம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது.

நீளத்துக்கு அவர் சொன்ன அளவு எளிது. கம்பைத் தரையில் ஊன்றி நின்றால் அது நெற்றி அளவில் நிற்க வேண்டும். பெருவிரலும் நடுவிரலும் அதனைச் சுற்றி ஒன்றையொன்று தொட வேண்டும். சிறுவன் ஒருவன் ஆசைப்பட்டுத் தன்னைவிட உயர்ந்த, கனத்த கழியை எடுத்தான். “தம்பி, கம்பு ஆளைவிடப் பெரிதானால் ஆள் கம்பைச் சுற்ற மாட்டான், கம்புதான் ஆளைச் சுற்றும்” என்று அவர் அதை வாங்கி வைத்துவிட்டார்.

மாலையில் கங்கைகொண்ட சோழபுரம் சென்றோம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில் நிமிர்ந்து நிற்கிறது. 2004இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஏற்கப்பட்டது. 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரம்வரை படை அனுப்பிய அம்மன்னனின் அரண்மனையோ, மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாக மட்டுமே எஞ்சியுள்ளது. ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் துறட்டிக்கோலால் கிளையை வளைத்துக் குட்டிகளுக்குத் தழை பறித்துக்கொண்டிருந்தான். அரசனின் வாள்கள் போய்விட்டன. ஆயனின் கோல் இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டோம்.

பிலிப்பைன்ஸ் வரலாறும் அப்போது நினைவுக்கு வந்தது. 1521 மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழாவன்று அத்தீவுகளில் மகெல்லனின் குழுவினர் திருப்பலி கண்டனர். நான்கு வாரங்களுக்குள், ஏப்ரல் 27 அன்று, மக்தான் தீவில் லாபுலாபுவின் வீரர்களோடு பொருதி மகெல்லன் மடிந்தார். மூங்கில் ஈட்டிகளும் அப்போரில் பாய்ந்தன. சிலுவையை நட்டவர் வாளையும் உருவியதால் வந்த முடிவு அது. விசுவாசமோ வாளால் அன்று, பொறுமையால் அம்மண்ணில் வேரூன்றிற்று.

நம் ஆண்டவர் பன்னிருவரை அனுப்பியபோது அப்பமும் பையும் வேண்டாம், கோல் மட்டும் எடுத்துச் செல்லலாம் என்றதாக மாற்கு எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் கோலும் வேண்டாம் என்றதாக எழுதுகின்றனர். நடப்பதற்கு ஊன்றும் கோலை ஒருவரும், அடிப்பதற்கு ஓங்கும் கோலை மற்றவர்களும் மனத்தில் கொண்டனர் போலும் என்று விளக்குவோர் உண்டு. கழி ஒன்றே, பிடிக்கும் கை அதனை வேறாக்குகிறது.

ஆகவே நம் பங்கில் ஒழுங்கு செய்தது இது: கம்புகள் எவருடைய வீட்டுக்கும் போவதில்லை, பங்கு இல்லத்தில் இருக்கும். இரு தெருப் பிள்ளைகளும் கலந்தே பழக வேண்டும். எதிர்த்தெருப் பிள்ளையே ஒவ்வொருவருக்கும் பயிற்சித் துணை. பயிற்சிக்கு முன் துணைவனின் கம்பில் வெடிப்பு உண்டா என்று தடவிப் பார்ப்பது ஒவ்வொருவரின் கடமை. திருவிழா நாள்களில் பூட்டு திறக்கப்படாது. பெண் பிள்ளைகளும் வருகின்றனர். கேள்வி கேட்ட அத்தாயின் மகள் அவர்களில் ஒருத்தி.

சிலம்பத்துக்கு இன்று மதிப்பும் கூடியுள்ளது. 2021இல் தமிழக அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு வேலை ஒதுக்கீட்டில் அதனைச் சேர்த்தது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. வேலை கிடைப்பது நன்றே. எனினும், பெற்றோரே, உங்கள் பிள்ளையின் கையில் கம்பைக் கொடுக்குமுன் அதனைத் தட்டிப் பாருங்கள். பின்பு பிள்ளையின் மனத்தையும் அவ்வாறே தட்டிச் செவிகொடுங்கள். இரண்டிலும் வெடிப்பு இல்லையெனில் அச்சமின்றி அனுப்புங்கள்.