விடியற்காலத்து ஒன்றரை மணி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இருபத்தெட்டு வருஷ காலம் கணக்குப் புத்தகங்களுக்கு ஒப்புக்கொடுத்திருந்த பகற்பொழுது முழுவதும் இனி எனக்கே சொந்தம் என்று எண்ணியபோது, நெடுநாள் அடகில் கிடந்த நிலம் மீண்டு கைக்கு வந்தாற்போன்ற ஓர் ஆனந்தம் உண்டாயிற்று. ஐந்து மணிக்கு எழுந்து, ஆறரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்து வீடு முழுதும் விழித்துக்கொள்வதற்குள் எழுதினால்தான் உண்டு என்று இருந்தவனுக்கு, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரையில் எழுதலாம் என்ற பாக்கியம் கிட்டினால் எவ்வளவு எழுதுவான்!

ஆறு மாதம் சென்றது. பத்துப் பக்கம் தேறவில்லை. சோம்பல் என்று சொல்லிவிட மனம் ஒப்பவில்லை, ஏனெனில் மேஜைமுன் உட்காராத நாள் இல்லை. முன்பெல்லாம் ஆறரை அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில், மனத்தில் தோன்றிய இரண்டு சொற்களில் ஒன்றைத் துணிந்து எடுத்துக்கொண்டு மேலே சென்றுவிடுவேன். இப்போதோ இரண்டையும் வைத்துக்கொண்டு நாள் முழுதும் நிறுத்துப் பார்க்க அவகாசம் இருந்தது. காலையில் எழுதவேண்டியது மாலைக்குப் போயிற்று. மாலையில் எழுதவேண்டியது மறுநாளைக்குப் போயிற்று.

அந்த நாட்களில் சர் சி. வி. ராமனுடைய கல்கத்தா வாசத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1907-இல், பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முன்பே அரசாங்க நிதி இலாகாவில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்த அவர், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பௌபஜார் தெருவில் டிராமில் செல்கையில் கண்டு, அங்கே புகுந்தார் என்பர். விடியற்காலையில் சோதனைச்சாலை, பிறகு அவசரமாக ஸ்நானம், சாப்பாடு, ஆபீஸ், மாலையில் ஆபீஸிலிருந்து நேரே மறுபடியும் சோதனைச்சாலை. ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்ற காலம் நீங்கலாக, 1917-இல் உத்தியோகத்தை உதறிச் சர்வகலாசாலைப் பேராசிரியராகும் வரையில் அவருடைய வாழ்க்கை இப்படியே நடந்தது. வில்லால் இழுக்கப்படும் தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதைப் பற்றிய ஆராய்ச்சியெல்லாம் இந்த இடுக்கு நேரத்தில் முளைத்ததுதான்.

உலகம் அறிந்த கண்டுபிடிப்பு, உத்தியோகத்தை விட்டு வெகுகாலம் கழித்து 1928-இல்தான் வந்தது என்பதும் மெய்யே. ஆகையால் ஆபீஸ் இருந்தால்தான் வித்தை வளரும் என்று நான் சொல்லவரவில்லை. இரவு பகலாக உழைத்துத் தேய்கிறவர்களிடம் சென்று, குறுகிய அவகாசத்தின் பெருமையைப் பேசுவதைப்போன்ற கொடுமை வேறில்லை.

ஆனால் ஒன்றை என் அனுபவத்தில் கண்டேன். காலையில் முடிவுறாமல் நின்ற வாக்கியம் என்னோடுகூட ஆபீஸுக்கு வந்துவிடும். பேரேட்டில் பற்றையும் வரவையும் நான் கூட்டிக்கொண்டிருக்கையில் அது மனத்தின் அடியில் கிடந்து ஊறும். அரைத்து மூடிவைத்த மாவு இரவெல்லாம் தானே பொங்கிப் புளிப்பதுபோல, பேனாவைத் தொடாதிருந்த அந்த இருபத்திரண்டரை மணி நேரத்திலேதான் என் எழுத்தின் பெரும்பகுதி நடந்து வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பின்னரோ, மாவைப் புளிக்கவிடாமல் மூடியைத் திறந்து திறந்து கிளறிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் முதல் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பியிருக்கிறேன். ஐந்து மணிக்கு உட்காருகிறேன். தண்ணீர் வரும் ஓசை கேட்டதும் பேனாவை மூடிவிடுகிறேன். பகலில் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நேற்று ஒரு நீண்ட வாக்கியம் பயனிலை கிட்டாமல் பாதியில் நின்றது. அதை அப்படியே விட்டு எழுந்தேன். சாயங்காலம் கறிகாய்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கையில் அந்தப் பயனிலை வந்து சேர்ந்தது.